ஐப்பசியில் சைக்கிளில் கொங்கு நாடு: காற்றும் தண்ணீரும் காட்டும் வழி

"கியர் சைக்கிள் வாங்கி ஒரு வருஷம் ஆகுதுங்க. ஞாயித்துக்கிழமை ஆனா அம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டறேன். இலையுதிர் காலத்துல எட்டு நாள் லீவு போட்டு, மலையெல்லாம் பாத்துக்கிட்டே கொங்கு நாட்ட ஒரு சுத்து சுத்தி வரோணும். எந்த வழியில போறது, மலை ஏற முடியுமா, என்னென்ன எடுத்துட்டுப் போகோணும், தனியா போலாமா?" திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

முடியும் தம்பி, தாராளமாக முடியும். ஆனால் மலை ஏறுவதைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் தண்ணீர் போகிற வழியிலேயே போங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தச் சாலைகளில் மிதித்துக் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் அந்த இலையுதிர் காலம். நம் ஊரில் மரம் மொட்டையாவது மாசியிலும் பங்குனியிலும். அப்போது அடிவாரக் காடெல்லாம் சுள்ளியாகக் காய்ந்து கிடக்கும், பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். மேல்நாட்டில் இலை உதிர்கிற அக்டோபரும் நவம்பரும் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. கூதிர் காலம். வருஷத்திலேயே பூமி முழுக்கப் பச்சையாக இருப்பது அப்போதுதான். குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வைத்தார்கள் நம் முன்னோர். அந்த மாசத்தில் ஒரு தடவை சத்தியமங்கலம் பக்கம் விடியற்காலையில் போய் நின்று, மலையின் இடுப்பில் மேகம் கட்டி நிற்பதைப் பார்த்தால் காரணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொங்கு நாட்டில் சைக்கிள்காரன் மேட்டுக்குப் பயப்படுவதைவிடக் காற்றுக்குப் பயப்பட வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு வாசல் மாதிரித் திறந்து கிடக்கிறது. தென்மேற்குக் காற்று வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை அந்த வாசலில் நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். ஓர் ஆடி மாசம் தாராபுரத்திலிருந்து உடுமலைக்கு மேற்குப் பார்த்து மிதித்தேன். சாலை கிட்டத்தட்டச் சமதளம். மலைக்கு வைத்திருந்த கியரைப் போட்டும் வண்டி மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் நகரவில்லை. காதுக்குள் இரைச்சல், வாயெல்லாம் புழுதி. எந்த மலையும் என்னை அந்த அளவுக்குக் களைக்க வைத்ததில்லை.

புரட்டாசி முடியும்போது இந்தக் காற்று ஓய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். கார்த்திகை பாதிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை வீச ஆரம்பிக்கும். இந்த இரண்டு காற்றுக்கும் நடுவே ஐந்தாறு வாரம் அமைதியாகக் கிடைக்கும். உங்கள் எட்டு நாளை அதற்குள் வையுங்கள். காற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் பார்க்கலாம்தான். ஆனால் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைப் பாருங்கள், அவையே சொல்லும். ஆடியில் எல்லாம் ஒரே படையாக மேற்கே முகம் காட்டிச் சுழலும். ஐப்பசிக் காலையில் பாதி நிற்கும், ஒன்று மேற்கே பார்க்கும், பக்கத்தில் இன்னொன்று வடக்கே பார்க்கும். அப்படிக் குழம்பி நின்றால் உங்களுக்கு நல்ல நாள்.

ஐப்பசி அடைமழை என்று பேர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், கோயம்புத்தூருக்கு வருஷத்தில் அதிக மழை கிடைப்பது அக்டோபரிலும் நவம்பரிலும்தான். ஆனால் அந்த மழைக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. காலையில் வானம் கழுவி விட்டமாதிரி இருக்கும். பதினோரு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறும். மூன்று மணிக்கு மலைப் பக்கம் கறுக்கும், பொழுதோடு இடியும் மின்னலுமாக இறங்கும். அதனால் காலை ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் ஒன்று, ஒன்றரைக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள். இந்த ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் எட்டு நாளில் இரண்டு தடவை நனைந்தால் அதிகம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிக் காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தால் அது வேறு மழை. அன்றைக்கு லாட்ஜிலேயே இருந்து தூங்குங்கள். மலைச்சாலையில் அன்றைக்குக் கால் வைக்கவே கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து எத்தனை வீடுகள், எத்தனை உயிர்கள் போயின என்று மேட்டுப்பாளையத்தில் விசாரித்துப் பாருங்கள், இன்றும் சொல்வார்கள்.

இன்னொன்று, தீபாவளி ஐப்பசியில்தான் வரும். அதற்கு முன்னும் பின்னும் நாலு நாள் சாலையில் கார் நெரியும், மலைமேல் அறை கிடைக்காது. அந்த வாரத்தைத் தள்ளிவிடுங்கள்.

இனி நிலத்தின் அமைப்பு. இதைப் புரிந்துகொண்டால் வழி தானாகப் புலப்படும். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேற்கு மலையில் பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறவை. கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு மேலே 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரோடு 180 மீட்டர் அளவு, கரூர் அதற்கும் தாழ்வு. மேற்கிலிருந்து கிழக்கே போனால் ஆறு போகிற போக்கிலேயே நீங்களும் மெல்ல இறங்குகிறீர்கள், காலுக்கே தெரியாது. வடக்கு தெற்காகப் போனால் ஒவ்வோர் ஆற்றுப் பள்ளத்திலும் இறங்கி, அடுத்த மேட்டில் ஏறி, மறுபடி இறங்கி என்று போகவேண்டும். கோபியிலிருந்து குன்னத்தூர், ஊத்துக்குளி, காங்கேயம் வழியாகத் தாராபுரம் போய்ப் பாருங்கள், வரைபடத்தில் மலையே இருக்காது, ஆனால் பொழுதுக்குள் தொடை கல்லாகிவிடும். ஊர்ப்பேர்களே எச்சரிக்கும். 'மேடு' என்று ஓர் ஊர் முடிந்தால் அடுத்து ஒரு 'பள்ளம்' காத்திருக்கும்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. மேட்டுப்பாளையத்தில் தொடங்குங்கள். சிறுமுகை, பவானிசாகர் வழியாக சத்தியமங்கலம், ஏறத்தாழ 55 கிலோமீட்டர். முதல் நாளுக்கு அது போதும். இடப்பக்கம் நீலகிரியின் சரிவு கூடவே வரும். சிறுமுகைக்கும் பவானிசாகருக்கும் நடுவில் சாலை காட்டை ஒட்டிப் போகிறது. யானை கடக்கும் இடம் அது. ஆறரை மணிக்கு முன்னால் அந்தப் பகுதியில் நுழையாதீர்கள். மற்ற நாளெல்லாம் விடியும்முன் கிளம்புங்கள், அன்றைக்கு மட்டும் வெளிச்சம் வந்த பிறகு.

இரண்டாம் நாள் சத்தியிலிருந்து கொடிவேரி அணையைப் பார்த்துவிட்டுக் கோபி, பிறகு அத்தாணி வழியாக அந்தியூர். இங்கேதான் நான் சொன்ன தண்ணீர் வழி ஆரம்பமாகிறது. பவானிசாகர் அணை 1955ல் முடிந்தது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. வாய்க்கால் என்பது தண்ணீர் தானாக நகரும் அளவுக்கு மட்டும் சரிவு வைத்து வெட்டியது. மேடு வந்தால் ஏறாது, சுற்றிக்கொண்டு போகும். அதனால் அதன் கரைமேல் போகும் மண்பாதை கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்கும். சுற்றிலும் நிலம் ஏறி இறங்கினாலும் நீங்கள் ஒரே சீராக மிதித்துப் போகலாம். ஒரு பக்கம் கரை நிறையத் தண்ணீர், மறுபக்கம் தாழ்வில் நெல்லும் வாழையும், அதற்கப்பால் மலை. தூரத்தைக் கணக்குப் பார்க்க மனசே வராது. கரையில் பாதை உடைந்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ அடம் பிடிக்காமல் பக்கத்து ஊர்ச்சாலைக்கு இறங்கிவிடுங்கள். தண்ணீர் நிறைய ஓடும் வாய்க்காலில் சறுக்கி விழுந்தால் கரையேறுவது கஷ்டம், நீச்சல் தெரிந்தவனுக்கும்தான்.

மூன்றாம் நாள் அந்தியூரிலிருந்து பவானி, ஈரோடு, கொடுமுடி. பவானி ஆறு காவிரியில் சேரும் கூடுதுறையைப் பார்த்துவிட்டுக் காளிங்கராயன் அணைக்கட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கிருந்து கிளம்புவது 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால், 90 கிலோமீட்டர் அளவுக்கு வளைந்து வளைந்து கொடுமுடிப் பக்கம் வரை போகிறது. ஏன் இத்தனை வளைவு என்று பாம்பு வழிகாட்டிய கதையைச் சொல்வார்கள். சைக்கிளில் கூடவே போகிறவனுக்கு இன்னொன்றும் தெரியும்: எந்த வளைவிலும் மூச்சு வாங்காது. மட்டம் பார்க்கும் கருவி எதுவும் இன்றைக்குப் போல இல்லாத காலத்தில் நிலத்தின் சரிவை இத்தனை நுணுக்கமாகப் படித்திருக்கிறார்கள். ஈரோட்டு ஊர்ப்புறத்தில் கரை குப்பையும் சாக்கடையுமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும். அதைத் தாண்டிவிட்டால் மஞ்சள் காடு. ஐப்பசியில் மஞ்சள் இலை இடுப்பு உயரம் நிற்கும், காலைப் பனி அதன்மேல் உருண்டு கிடக்கும். கடந்து போகும்போது கை பட்டால் அந்த வாசனை கிளவுஸில் மத்தியானம் வரைக்கும் இருக்கும்.

நாலாம் நாள் கொடுமுடியிலிருந்து முத்தூர் வழியாகக் காங்கேயம். இனி மேற்கே ஏறுமுகம். தூரம் 50 கிலோமீட்டர் சுமார்தான், ஆனால் இதைக் குறைத்து எடைபோடாதீர்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நாள் இது. இது கொறங்காட்டு நாடு. சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, நடுவில் வெள்வேல மரங்களை விட்டு, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, காங்கேயம் மாடுகளை மேய விடும் புல்வெளிக்குக் கொறங்காடு என்று பேர். சித்திரையில் பார்த்தால் கல்லும் செம்மண்ணும்தான். இரண்டு மழை விழுந்ததும் ஐப்பசியில் கம்பளம் விரித்தமாதிரி ஆகிவிடும்.

போன ஐப்பசியில் முத்தூர் தாண்டி ஓர் இட்டேரிக்குள் வண்டியை விட்டேன். இரண்டு பக்கமும் வேலி நிற்க, நடுவில் வண்டித்தடம் போகும் பாதைதான் இட்டேரி. அரைக் கிலோமீட்டர் போவதற்குள் முன்சக்கரம் தரையில் உட்கார்ந்துவிட்டது. நெருஞ்சி. மழைக்குப் பின் மஞ்சள் பூவோடு அழகாகத் தரையில் படர்ந்து கிடக்கும், காய் ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் முள். ஒரு கொறங்காட்டுக் கடவுக்கு முன்னால் உட்கார்ந்து டியூபை உருவினேன். கடவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். கையில் தூக்குப்போசி. மாட்டுத் தொட்டியில் டியூபை முக்கிப் பார்க்கச் சொன்னார். ஓட்டை தெரிந்தது, ஒட்டினேன். டயரை மாட்டப் போனபோது கையைப் பிடித்தார். "சித்த இருங்க தம்பி. முள்ளு உள்ளயே இருக்குமுங்க. துணிய வெச்சுத் தடவிப் பாருங்க." தோள்துண்டின் நுனியை டயருக்குள் விட்டு மெதுவாக ஒரு சுற்று இழுத்தார். மூன்று இடத்தில் துணி மாட்டியது. மூன்று முள். விரலால் தடவியிருந்தால் விரலில் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. அன்றைக்கு அவர் கொடுத்த மோரின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு பஞ்சர் பையில் ஒரு பழைய வேட்டித்துணியை மடித்து வைத்துக்கொள்கிறேன். நீங்களும் வையுங்கள்.

இட்டேரி பற்றி இன்னும் ஒரு சொல். செம்மண்ணும் சரளையும் உள்ள இடத்தில் மழைக்குப் பின்னும் வண்டி ஓடும். பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் மண் வரும். நனைந்த கரிசலில் ஐம்பது அடி போனால் போதும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பிச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் குத்திக் குத்தி எடுக்கவேண்டும். மண் கறுத்தால் தார்ச்சாலைக்கு ஏறிவிடுங்கள்.

காங்கேயத்தில் தங்கினால் அடுத்த நாள் காலையில் சிவன்மலை ஏறிவிட்டுக் கிளம்பலாம். அங்கே பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். இப்போது என்ன பொருள் இருக்கிறது என்பதுதான் அந்த வட்டாரத்து டீக்கடைப் பேச்சே. ஐப்பசியில் கந்த சஷ்டி வரும். அந்த நாட்களில் சிவன்மலை, சென்னிமலை, பழனி எங்கும் கூட்டம், தங்க இடம் முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

ஐந்தாம் நாள் தாராபுரம் வழியாக உடுமலை. காற்று இல்லாவிட்டால் சுகமான நாள், இருந்தால் நீண்ட நாள். வேறு சொல்ல ஒன்றுமில்லை. ஆறாம் நாள் தளி, திருமூர்த்திமலை அடிவாரம் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் வந்து ஆழியாறு. தென்னந்தோப்புக்கு நடுவிலேயே பாதி வழி. ஆனைமலை இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும்.

ஏழாம் நாள் வால்பாறை. ஆழியாறு செக்போஸ்ட்டிலிருந்து 40 கிலோமீட்டர் சுமார், 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி உயரம். முந்தைய நாள் மாலையே செக்போஸ்ட்டில் போய் விசாரியுங்கள். காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், சைக்கிளுக்கு என்ன கட்டுப்பாடு, மேலே மழை எப்படி என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை அது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஏற முடியுமா என்று கேட்டீர்களே, கணக்காகச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் முன்னால் இருக்கும் மிகச் சின்ன பல்சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள். பின்னால் இருக்கும் மிகப் பெரிய சக்கரத்தின் பல்லையும் எண்ணுங்கள். முன்னால் 30, பின்னால் 34 என்று வைத்துக்கொண்டால் ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால், வண்டி இரண்டு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகப் போகும். நிமிஷத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்கு ஆறரை கிலோமீட்டர். மலையில் அதுதான் உங்கள் வேகம். நடப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த வேகத்தில் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மேலே வரைக்கும் போய்விடலாம். பேச முடியாமல் மூச்சிரைத்தால் இன்னும் மெதுவாகப் போங்கள். முன்பல் பின்பல்லைவிடப் பெரிதாக இருந்தால், சுமையோடு ஏறுவது முட்டிக்கு நல்லதில்லை. கடையில் கொடுத்துப் பின்சக்கரத்துக் கேசட்டை, அதாவது பல்சக்கர அடுக்கை, மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலுக்கு, பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். நல்ல மலைச்சாலை அந்த அளவுக்குச் செங்குத்தாக இருப்பதில்லை. ஆகவே சின்ன கியர் இருந்தால் போதும், பெரிய தொடை தேவையில்லை.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். சாலை இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு உள்வட்டம் கிடைக்கும், அதுதான் செங்குத்து. வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம், கிட்டத்தட்டச் சமதளம். அதனால் இடவளைவுக்குப் பத்தடி முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் நின்றுகொண்டு மாற்றினால் செயின் கழன்றுவிடும். வலவளைவில் ஒரு வாய் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குங்கள். நாற்பது வளைவையும் இப்படி ஒன்று உழைப்பு, ஒன்று ஓய்வு என்று பிரித்துக்கொண்டால் மனசும் களைக்காது. பஸ் வளைவுக்குள் இறங்குவது தெரிந்தால் வளைவுக்கு வெளியே ஓரமாக நின்றுவிடுங்கள். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது விதி. ஆனாலும் பஸ்ஸுக்குத் திரும்ப முழுச் சாலையும் வேண்டும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். அங்கே கட்டாயம் நில்லுங்கள். கீழே ஆழியாறு அணை, அதற்கு அப்பால் பொள்ளாச்சித் தென்னை, அதற்கும் அப்பால் நீங்கள் ஆறு நாளாக மிதித்து வந்த சமவெளி. மேகம் விலகினால்தான் தெரியும், பொறுமையாக இருங்கள். இந்தச் சரிவுகளில் வரையாடு நிற்பதைப் பார்க்கலாம். அட்டகட்டி தாண்டியதும் குளிர் தட்டும், கவர்க்கல் பக்கம் பனிமூட்டத்தில் பத்தடி முன்னால் இருப்பது தெரியாது. பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும், பகலாக இருந்தாலும். பிறகு தேயிலைத் தோட்டம் ஆரம்பித்துவிடும், ஊர் வந்த மாதிரிதான்.

இறங்குவதுதான் ஆபத்து. இதைப் பலர் நம்புவதில்லை. எட்டாம் நாள் காலையில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள். ரிம் பிரேக்காக இருந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும், டிஸ்க்காக இருந்தால் பிடிப்புக் குறையும். எனக்கு முதல் தடவை நடந்தது இது. ஐந்தாறு வளைவு இறங்கியதும் ரிம்மில் விரல் வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். நேர்ச்சாலையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகம் குறைந்திருக்கவேண்டும், வளைவுக்குள் பிரேக் கூடாது. உடம்பைச் சீட்டில் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். பத்து வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆறவிடுங்கள். மழை ஈரத்தில் ரிம் பிரேக் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, அதற்கும் இடம் விட்டு ஓட்டுங்கள். கிளம்பும் முன் பிரேக் கட்டையைப் புதிதாகப் போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, ஓவராயில் பண்ணிவிடுங்கள்.

வால்பாறை வேண்டாம் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறலாம், 33 கிலோமீட்டர். குன்னூர் வழியைவிட வண்டி குறைவு. கொல்லிமலை ஆசை பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஓரி ஆண்ட மலை, அழகில் குறையே இல்லை. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு, அடுத்தடுத்து நெருக்கமாக வரும். முதல் மலையாக அதை எடுக்கவேண்டாம். திம்பத்தை மட்டும் சைக்கிளில் ஏறாதீர்கள் என்றே சொல்வேன். பண்ணாரியிலிருந்து மேலே 27 வளைவு, இரண்டு மாநிலத்துச் சரக்கு லாரிகள், 2013ல் அறிவித்த புலிகள் காப்பகம், காட்டு மிருகங்கள் வண்டியில் அடிபடுவதைத் தடுக்க 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு. அந்தக் காடு மிருகங்களுடையது. சைக்கிள் சத்தமில்லாமல் போகும் வண்டி என்பது அங்கே நமக்கே எதிராக முடியும். மோட்டார் சத்தம் கேட்டு விலகும் யானை, நம்மைக் கடைசி நொடியில் பார்த்து மிரளும். எந்தக் காட்டுச் சாலையிலும் யானை தெரிந்தால் நின்று, திரும்பி, ஒரு பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் கூடவே போங்கள். மணி அடிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

சாமான் பற்றிக் கேட்டீர்கள். முதுகில் பை வேண்டாம், கேரியரில் கட்டுங்கள். முதுகுப்பை இருந்தால் மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொள்ளும். எட்டு கிலோவுக்கு மேல் தாண்டக்கூடாது. இரண்டு செட் துணி, ஒரு மழைக்கோட்டு, மலைக்கு ஒரு ஸ்வெட்டர், டியூப் இரண்டு, பஞ்சர் சொல்யூஷன், பம்பு, செயின் எண்ணெய், அந்த வேட்டித்துணி. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். பெரிய ஊர் ஒவ்வொன்றிலும் சைக்கிள் கடை இருக்கிறது, ஆனால் உங்கள் வண்டியின் கியர் கம்பியும் டிஸ்க் பிரேக் கட்டையும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், ஒரு செட் கூடவே இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு இந்த நாட்டில் கவலையே இல்லை. பத்து கிலோமீட்டருக்கு ஒரு பேக்கரி, டீயும் தேங்காய் பன்னும் கிடைக்கும். சத்தி, கோபி பக்கம் கதலியும் நேந்திரனும் மலிவு, தினம் நாலு பழம் ஹேண்டில் பையில் இருக்கட்டும். பசி வருவதற்கு முன்னால் சாப்பிடவேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போடுங்கள். கடலை உருண்டையைவிட நல்லதை நான் இன்னும் பார்க்கவில்லை. குளிராக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், வியர்வை காற்றில் காய்வதால் உங்களுக்குத் தெரியாமல் போகும். மோரில் உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் குடியுங்கள். மத்தியானம் ஊருக்குள் நுழைந்ததும் அரிசிம்பருப்பு சாதம் கிடைத்தால் விடாதீர்கள். ராத்திரி மட்டும் பரோட்டாவைத் தவிர்த்துவிடுங்கள், காலை ஐந்தரை மணிக்கு அது வயிற்றிலேயே கிடக்கும்.

தனியாகப் போகலாமா என்பது கடைசிக் கேள்வி. முதல் ஆறு நாளும் தாராளமாகப் போகலாம். சமவெளியில் ஏதாவது ஆனால் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து சைக்கிளைத் தூக்கிப்போட்டு அடுத்த ஊர் வந்துவிடலாம், வழியில் யாரும் கைவிடமாட்டார்கள். சாலையோரம் நின்றாலே "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. ஏழாம் நாளுக்கு மட்டும் ஒரு துணை வேண்டும். மூட்டத்தில் டயர் பஞ்சரானாலும் கால் பிடித்துக்கொண்டாலும் காட்டுச் சாலையில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. கூட்டாளி யாரையாவது பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் வரச் சொல்லுங்கள், சைக்கிளை முந்தைய நாளே லாரி பார்சலில் போட்டுவிடலாம். யாரும் கிடைக்காவிட்டால் ஆழியாற்றோடு நிறுத்திக்கொண்டு, அணைக்கரையில் ஒரு நாள் இருந்துவிட்டு, பல்லடம் வழியாகத் திருப்பூருக்கு மிதித்து வந்துவிடுங்கள். ஐப்பசி கடைசி வாரம் எனக்கு வேலை இல்லை. முன்கூட்டியே சொன்னால் ஆழியாறு செக்போஸ்ட்டில் காலையில் நான் வந்து நிற்கிறேன்.